பரீட்சை வைப்பது யார்?

(திறந்த மூல மென்பொருளும் தரச் சான்றிதழும் – ஒரு மாணவனின் பார்வை)

மூன்றாம் ஆண்டு கணினிப் பொறியியல் மாணவன், ஐயப்பன்தாங்கல்



சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு ஞாபகம் வருவது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ். தாலுகா ஆபீஸ் வாசலிலும் இ-சேவை மையத்திலும் நின்று நின்று கால் கடுத்தவர்கள் நம்மில் பாதிப் பேர் இருப்போம். ஆனால் சான்றிதழ் மனிதனுக்கு மட்டும்தானா? சிமெண்ட் மூட்டைக்கு உண்டு, ஸ்விட்ச் போர்டுக்கு உண்டு, பிரஷர் குக்கருக்கும் உண்டு. அதேபோல மென்பொருளுக்கும் உண்டு என்பது கணினித் துறையில் படிக்கும் பலருக்கே தெரியாத செய்தி.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு அதை விற்கும் கம்பெனி பொறுப்பு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம் என்று விடப்பட்ட திறந்த மூல மென்பொருளுக்கு யார் பொறுப்பு? 'இது பெரிய நிறுவனங்களின் தரத்துக்கு ஏற்றதுதான்' என்று சான்று கொடுப்பது யார்? எந்தப் பரீட்சையை வைத்துக் கொடுப்பது? அந்தப் பரீட்சையின் வினாத்தாள் யார் கையில் இருக்க வேண்டும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரம் வேண்டும், பரீட்சையும் வேண்டும். ஆனால் அந்தப் பரீட்சை எல்லோர் கைக்கும் கிடைக்க வேண்டும். ஒரே ஒரு கம்பெனியின் பீரோவுக்குள் பூட்டி வைத்த பரீட்சை, தரத்தைக் காக்கும் காவல்காரன் வேலையை விட்டுவிட்டு, வாசலில் வசூல் செய்யும் ஆளாக மாறிவிடும். இதைக் கணினி உலகில் நடந்த உண்மைச் சம்பவங்களைக் கொண்டே காட்டுகிறேன். மற்ற துறை நண்பர்கள் 'இது கம்ப்யூட்டர்காரன் சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது உங்கள் சமாச்சாரமும்தான்.

தரம் என்றால் என்ன?

பாரிமுனையில் வாங்கிய எம்-10 போல்ட், அம்பத்தூரில் செய்த எம்-10 நட்டில் ஏறுகிறது. இரண்டையும் செய்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. எப்படி ஏறுகிறது? இருவரும் ஒரே அளவை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் வீட்டு மூன்று பின் பிளக், எந்தக் கம்பெனி சாக்கெட்டிலும் பொருந்துவதற்குக் காரணம் ஐ.எஸ். 1293 என்ற இந்தியத் தரம். எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் தமிழுக்கே இந்தக் கதை உண்டு. ஒரு காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்தன. ஒரு கடையில் டைப் செய்த கல்யாணப் பத்திரிகையை இன்னொரு கடையில் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறி, படிக்கவே முடியாத புதிராக நிற்கும். 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்து, தமிழ்99 விசைப்பலகையையும் குறியீட்டு முறைகளையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. 2010-ல் யூனிகோடும் டேஸ்-16-ம் அரசின் தரமாயின. இன்று நான் அனுப்பும் தமிழ்ச் செய்தி எந்தக் கைப்பேசியிலும் தமிழாகவே தெரிகிறது. தரம் என்பது இதுதான்: முன்பின் தெரியாத இரண்டு பேர் செய்த பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்த வைக்கும் ஒப்பந்தம்.

கேஜ் பொய் சொல்லாது

ஒப்பந்தம் போட்டால் மட்டும் போதுமா? அதன்படி செய்தானா என்று பார்க்க வேண்டாமா? இங்கேதான் எங்கள் அப்பாவைக் கூப்பிடுகிறேன்.

எங்கள் அப்பா அம்பத்தூர் பக்கம் ஒரு சின்னக் கடைசல் பட்டறையில் லேத் ஓட்டுகிறார். எட்டாவது வரை படித்தவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். டிராயிங்கில் எழுதியிருக்கும் இங்கிலீஷ் அவருக்குப் படிக்க வராது, ஆனால் அளவையும் டாலரன்ஸையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். புஷ்ஷின் துளையைச் சோதிக்கப் பிளக் கேஜ் என்று ஒரு கருவி இருப்பது மெக்கானிக்கல் நண்பர்களுக்குத் தெரியும். அதன் 'கோ' பக்கம் துளைக்குள் போக வேண்டும், 'நோ-கோ' பக்கம் போகக் கூடாது. துளை சின்னதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். பெரிதாகிவிட்டால் ஸ்கிராப்தான்.

அப்பா அடிக்கடி சொல்வார்: "நான் என்ன படிச்சேன், எந்த ஊரு, எந்த மெஷின்ல ஓட்டினேன், இதெல்லாம் கேஜுக்குத் தெரியாதுடா. உள்ள போச்சுன்னா பாஸு, போகலன்னா ஃபெயிலு."

சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து (பெயர் வேண்டாம்) அந்தப் பட்டறைக்கு 200 புஷ் ஆர்டர் வந்தது. கேஜ் கம்பெனியிடம் மட்டும்தான் இருந்தது. செய்து அனுப்பினார்கள். 60 புஷ் திரும்பி வந்தது. துளை பெரிதா, சின்னதா, நீளம் தப்பா என்று காரணம் ஒரு வரிகூட இல்லை. அந்த மாதம் அப்பாவின் ஓவர்டைம் பணத்தில் கை வைத்தார்கள். அதற்குப் பிறகு ஓனர் கடன் வாங்கி அதே அளவுக்குச் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிப் போட்டார். பத்துக்கு ஒன்று என்று எடுத்து அப்பாவே மெஷின் பக்கத்திலேயே சோதித்துவிடுவார். ரிஜெக்ட் வருவது ஏறக்குறைய நின்றே போயிற்று. அதே அப்பா, அதே லேத், அதே கைதான். கேஜ் கைக்கு வந்ததுதான் மாற்றம்.

மென்பொருள் உலகத்திலும் இதேதான் நடந்தது என்றால் நம்புவீர்களா?

ஜாவாவின் பரீட்சை

1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவா மொழியை வெளியிட்டது. 'ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும்' என்பது அதன் வாக்குறுதி. வங்கி, ரயில்வே, இன்சூரன்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களின் வேலைகளுக்காக 1999-ல் ஜே-2-இ-இ என்ற தரம் வந்தது. எளிமையாகச் சொன்னால், ஒரு பெரிய நிறுவனத்தின் நிரல் ஓடுவதற்குத் தேவையான மேடை எப்படி அமைய வேண்டும் என்ற வரைபடம் அது. வரைபடம் ஒன்று, அதைப் பார்த்து மேடை கட்டும் கம்பெனிகள் பல. ஒரு மேடையில் ஓடும் நிரல் இன்னொரு மேடையிலும் மாற்றமில்லாமல் ஓட வேண்டும். அப்போதுதான் ஒரு வங்கி ஒரே கம்பெனியிடம் காலம் முழுக்க மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கும்.

மேடை வரைபடப்படி இருக்கிறதா என்று பார்க்கப் பல்லாயிரம் சோதனைகள் கொண்ட ஒரு தொகுப்பை சன் உருவாக்கியது. இதுதான் கேஜ். அத்தனையிலும் தேறினால்தான் 'ஜே-2-இ-இ பொருத்தமுடையது' என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிக் கெடுபிடி செய்தது தப்பா? நியாயமாகப் பேசுவோம். சன் நிறுவனத்துக்கு ஒரு பயம் இருந்தது, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. மைக்ரோசாஃப்ட் தனக்கென்று மாற்றிய ஒரு ஜாவாவை விண்டோஸில் புகுத்தியது என்று 1997 அக்டோபரில் சன் வழக்குத் தொடுத்தது. 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 2 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஆளுக்கொரு ஜாவா என்று ஆகியிருந்தால், பழைய தமிழ் எழுத்துருக்களின் கதைதான் அங்கும் நடந்திருக்கும். ஆகவே பரீட்சை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

சிக்கல் எங்கே வந்தது? அந்தப் பரீட்சை எழுதக் கட்டணம் உண்டு, உரிம ஒப்பந்தம் உண்டு. பெரிய கம்பெனிகளுக்கு அது பெரிய விஷயமில்லை. திறந்த மூலத்தில், உலகின் பல மூலைகளிலிருந்து சேர்ந்து நிரல் எழுதும் இளைஞர்களுக்கு?

ஜேபாஸும் ஜெரோனிமோவும்

மார்க் ஃப்ளூரி என்பவர் 1999-ல் தொடங்கிய ஜேபாஸ் என்ற திறந்த மூல மேடையைப் பலரும் விரும்பிப் பயன்படுத்தினார்கள். வேலை ஒழுங்காக நடந்தது. ஆனால் கையில் சான்றிதழ் இல்லை. இலவச மென்பொருளைச் சுற்றித் தொழில் செய்யும் கம்பெனி என்பதால், லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கு சன் கொடுத்த சலுகை ஜேபாஸுக்குக் கிடைக்கவில்லை. நீண்ட இழுபறிக்குப் பின் 2003 நவம்பரில் சன்னோடு உரிம ஒப்பந்தம் போட்டு, 2004-ல் ஜே-2-இ-இ 1.4 பரீட்சையில் தேறியது. 2006-ல் ரெட் ஹேட் நிறுவனம் ஜேபாஸை விலைக்கு வாங்கியது. சான்றிதழ் வந்த பிறகு பெரிய நிறுவனங்களின் கதவுகள் தானாகத் திறந்தன என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அடுத்தது அப்பாச்சி. உலகப் புகழ்பெற்ற இந்த லாப நோக்கமில்லாத அறக்கட்டளைக்குச் சோதனைத் தொகுப்பை இலவசமாகத் தருவதாக 2002-ல் சன் ஒப்புக்கொண்டது. 2003-ல் தொடங்கிய அப்பாச்சியின் ஜெரோனிமோ, ஜே-2-இ-இ 1.4 பரீட்சையில் தேறி 2006 ஜனவரியில் 1.0 பதிப்பாக வெளிவந்தது. நல்ல செய்திதானே என்று கேட்பீர்கள். பாதி நல்ல செய்தி. காரணம், சோதனைத் தொகுப்பைத் தொட விரும்பிய ஒவ்வொரு தன்னார்வலரும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எந்தச் சோதனையில் தவறினோம் என்று வெளியில் பேசக் கூடாது. எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசித்தான் திறந்த மூலமே வளர்கிறது. அங்கேயும் காரணம் சொல்லாமல் திரும்பி வந்த 60 புஷ் கதைதான்!

மூன்றாவது கதை சோகமானது. ஜாவாவின் அடிப்படைப் பதிப்பையே திறந்த மூலத்தில் புதிதாக எழுத 2005-ல் அப்பாச்சி 'ஹார்மனி' திட்டத்தைத் தொடங்கியது. அதற்கான சோதனைத் தொகுப்பைக் கேட்டபோது சன் ஒரு நிபந்தனை போட்டது: தேறிய மென்பொருளை இன்னின்ன வகைக் கருவிகளில் பயன்படுத்தக் கூடாது என்று. யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்பதுதானே திறந்த மூலத்தின் உயிர்? 2007 ஏப்ரலில் அப்பாச்சி சன்னுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியது. பலனில்லை. 2010-ல் சன்னை வாங்கிய ஆரக்கிள் காலத்திலும் நிலைமை மாறவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில், ஜாவாவின் தரங்களை முடிவு செய்யும் நிர்வாகக் குழுவிலிருந்தே அப்பாச்சி வெளியேறியது. 2011-ல் ஹார்மனி மூடப்பட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2006 நவம்பரில் சன்னே ஜாவாவின் மூல நிரலைத் திறந்த மூலமாக வெளியிடுவதாக அறிவித்தது. பாடப் புத்தகத்தை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டு, பரீட்சை ஹாலின் சாவியை மட்டும் இடுப்பில் சொருகிக்கொண்ட மாதிரி! ஜாவாவின் அடிப்படைப் பதிப்புக்கான அந்தச் சோதனைத் தொகுப்பு இன்றும் ஒப்பந்தம் போட்டவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கிறது.

பூட்டு திறந்தது

பெரிய நிறுவனங்களுக்கான பதிப்பின் கதை மட்டும் நல்லபடியாகத் திரும்பியது. 2017 செப்டம்பரில் ஆரக்கிள் அதை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுப்பதாக அறிவித்தது. வரைபடம் மட்டுமின்றிச் சோதனைத் தொகுப்பும் சேர்ந்தே போனது. 2018-ல் அதற்கு 'ஜகார்த்தா இ.இ.' என்று புதுப் பெயர் வைத்தார்கள். 2019 செப்டம்பரில் ஜகார்த்தா இ.இ. 8 வெளிவந்தது.

இப்போதைய நடைமுறை என்ன தெரியுமா? சோதனைத் தொகுப்பின் மூல நிரலே பொதுவில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கி ஓட்டலாம். பொருத்தம் உண்டு என்று சொல்ல விரும்புபவர் அத்தனை சோதனையிலும் தேறி, முடிவுகளை உலகமே பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஒரு சோதனையே தப்பு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யவும் வழி வைத்திருக்கிறார்கள். ஒரு தரம் இறுதியாக வேண்டுமானால், அதற்குத் தேறிய திறந்த மூலப் படைப்பு குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது விதி. அதிகாரப்பூர்வச் சின்னத்தைப் போட்டுக்கொள்ளத் தனி ஒப்பந்தம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கேஜ் எல்லோருக்கும் இலவசம்.

கிளாஸ்ஃபிஷ், ஜேபாஸின் வழிவந்த வைல்டுஃப்ளை, ஓப்பன் லிபர்ட்டி போன்ற திறந்த மூல மேடைகள் இன்று இப்படித் தேறியவை. பத்து வருடம் சண்டை போட்டும் கிடைக்காதது, பரீட்சையைத் திறந்ததும் கிடைத்தது. தரம் குறைந்துவிட்டதா? இல்லையே!

ஒரு சின்ன உபயோகமான தகவல்: 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கும் பழைய பெயர்களை மாற்றியமைத்து வளர்க்கும் உரிமையை ஆரக்கிள் தரவில்லை. ஆகவே 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இ.இ. 9-ல் அவையெல்லாம் 'ஜகார்த்தா' என்று மாறின. நூலகத்துப் பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதிய சர்வ்லெட் நிரல் டாம்கேட் 10-ல் ஓடாமல் அடம்பிடிப்பது இதனால்தான். டாம்கேட் 9-ல் அதே நிரல் சமர்த்தாக ஓடும். லேப் நேரத்தில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் ஜூனியர்கள் குறித்துக்கொள்ளவும்!

நம்ம சென்னையின் 'பாஸ்'

அமெரிக்கக் கதையாகவே இருக்கிறதே என்கிறீர்களா? நம் ஊருக்கு வருவோம்.

2005-ல் மத்திய அரசு, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைச் சென்னையில் தொடங்கியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சி-டாக் சென்னையும் அதை நடத்தின. அந்த முயற்சியில் பிறந்ததுதான் பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், சுருக்கமாக 'பாஸ்' லினக்ஸ். 2007 ஜனவரியில் முதல் பதிப்பு வந்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்யும் இயங்குதளம். எல்காட் நிறுவனமும் 2006-07 வாக்கில் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியிருந்த காலம் அது.

பாஸ் லினக்ஸ் ஒரு பரீட்சையும் எழுதியது. 'லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ்' என்பது பல வகை லினக்ஸ்களுக்குப் பொதுவான ஒரு தரம். 2006-ல் அது சர்வதேசத் தரமாகவும் (ஐ.எஸ்.ஓ. 23360) ஏற்கப்பட்டது. அந்தத் தரத்துக்குப் பொருந்துகிறது என்று லினக்ஸ் ஃபவுண்டேஷனின் சான்றிதழை நம் சென்னையில் உருவான பாஸ் லினக்ஸ் பெற்றது. நமக்கெல்லாம் பெருமைதானே!

அதன் பிறகு? 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். என் அத்தை மகனுக்கும் அப்படி ஒன்று வந்தது. ஸ்விட்சைப் போட்டதும் 'விண்டோஸா, பாஸா?' என்று அது கேட்கும். ஒரு நாள்கூட அவன் பாஸைத் தொட்டதில்லை. எப்படிப் பயன்படுத்துவது என்று பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை. இன்னொரு பக்கம், அந்தத் தரமே மெல்ல மெல்ல ஆதரவை இழந்தது. பாஸ் லினக்ஸுக்கே அடிப்படையான டெபியன், 2015-ல் அந்தத் தரத்தைப் பின்பற்றுவதை ஏறக்குறையக் கைவிட்டது.

இதிலிருந்து நான் கற்ற பாடம்: சான்றிதழ் வாங்கினால் மட்டும் ஒரு மென்பொருள் வாழ்ந்துவிடாது. அதைப் பயன்படுத்த ஆள் வேண்டும், குறை சொல்ல ஆள் வேண்டும், திருத்த ஆள் வேண்டும். சுவரில் மாட்டிய சான்றிதழ் சோறு போடாது என்பது நம்மில் பலருக்கு வீட்டிலேயே தெரிந்த விஷயம்தானே!

சில எதிர்க்கேள்விகள்

'வினாத்தாள் முன்பே தெரிந்தால், அதற்கு மட்டும் தயார் செய்து பாஸ் ஆகிவிடுவார்களே?' என்று நண்பன் ஒருவன் கேட்டான். இம்பார்ட்டென்ட் கொஸ்டின் மட்டும் படிக்கும் நமக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்புதான்! ஆனால் மென்பொருள் பரீட்சை ஞாபகசக்திப் பரீட்சை அன்று. கேஜின் அளவு எல்லோருக்கும் தெரியும், அதனால் யாராவது ஏமாற்ற முடிகிறதா? அந்த அளவுக்குக் கடைந்தால்தானே உள்ளே போகும்! அந்த அளவுக்குக் கடைந்துவிட்டால் வேலை முடிந்தது. சோதனையில் ஓட்டை இருந்தால், திறந்த சோதனையில் அதை யாரும் கண்டுபிடித்துச் சொல்லலாம். பூட்டிய சோதனையில் ஓட்டையும் சேர்ந்தே பூட்டிக் கிடக்கும்.

'பரீட்சையில் தேறிவிட்டால் நல்ல மென்பொருள் என்று அர்த்தமா?' அப்படியில்லை. பொருந்துகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். வேகமாக ஓடுமா, பாதுகாப்பானதா என்பதெல்லாம் தனிக் கேள்விகள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற திறந்த மூல ஜாவாத் தொகுப்பில் வெளிப்பட்ட ஓட்டை உலகம் முழுவதும் பெரிய பெரிய நிறுவனங்களையே கலங்கடித்தது. அந்தத் தொகுப்பைச் சேர்த்துக்கொண்ட எந்த மென்பொருளையும் பொருத்தச் சான்றிதழ் காப்பாற்றியிருக்காது. டிப்ளமோ வாங்கியவன் எல்லோரும் நல்ல தொழிலாளி என்று சொல்ல முடியாத மாதிரிதான். சான்றிதழ் முதல் படி. வேலைக்கு வந்த பின் தினமும் நிரூபிக்க வேண்டும்.

'அரசாங்கம் என்ன சொல்கிறது?' 2010 நவம்பரில் மத்திய அரசு மின்னாளுமைக்கான திறந்த தரக் கொள்கையை வெளியிட்டது. அரசு பின்பற்றும் தரங்களைச் செயல்படுத்தத் தேவையான காப்புரிமைகளுக்கு ராயல்டி கேட்கக் கூடாது என்பது அதன் முக்கியமான விதி. 2015-ல் அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்ற கொள்கையும் வந்தது. என் ஆசை, இதோடு இன்னொரு வரியும் சேர வேண்டும் என்பது: தரம் திறந்ததாக இருந்தால் போதாது, அந்தத் தரத்துக்கான சோதனையும் திறந்ததாக இருக்க வேண்டும். வரைபடத்தைக் கொடுத்துவிட்டுக் கேஜைக் கொடுக்காவிட்டால், சின்னப் பட்டறைக்காரன் எப்படிப் பிழைப்பான்?

நமக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது நண்பர்களே!

போன வருடம் நம் சீனியர் ஒருவர் இன்டர்வியூவுக்குப் போனார். ஜாவா நன்றாகத் தெரிந்தவர். 'இந்தக் கம்பெனியின் சர்ட்டிஃபிகேட் எக்ஸாம் எழுதியிருக்கியா?' என்பதுதான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி. அந்தப் பரீட்சைக்கான கட்டணம் பல ஆயிரம் ரூபாய். அதைக் கட்ட முடிந்தவன் அறைக்குள் போனான், கட்ட முடியாதவன் ஐயப்பன்தாங்கல் டெப்போ பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தான். அவருக்குத் தெரிந்த ஜாவாவை அங்கே யாரும் சோதித்தே பார்க்கவில்லை.

போரூர், மணப்பாக்கம் பக்கம் நிற்கும் உயரமான ஐ.டி. கட்டடங்களை நாம் தினமும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். அந்தக் கட்டடங்களுக்குள் ஓடும் எத்தனையோ மென்பொருள்கள் திறந்த மூலத்தில் உருவானவை. அவற்றைப் படிக்க ஃபீஸ் கிடையாது, சோதித்துப் பார்க்க ஃபீஸ் கிடையாது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கும் நமக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு எது? பணக்காரன் வீட்டுப் பையனும் நாமும் ஒரே கேஜில் அளக்கப்படும் இடம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே மூன்று யோசனைகளை நம் மாணவர் பேரவையின் முன் வைக்கிறேன்.

ஒன்று: லேபில் ஒரு மென்பொருளின் பெயரை மட்டும் படிக்காமல் தரத்தைப் படிப்போம். ஒரு சின்ன சர்வ்லெட் நிரலை எழுதி, ஒரு வரிகூட மாற்றாமல் டாம்கேட், வைல்டுஃப்ளை, ஓப்பன் லிபர்ட்டி மூன்றிலும் ஓட்டிக் காட்டுவோம். மூன்றிலும் ஓடினால், எழுதியவனுக்குத் தரம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். ஆசிரியர்கள் மனம் வைத்தால் இதை ஒரு செய்முறைப் பயிற்சியாகவே வைக்கலாம்.

இரண்டு: வருடத்துக்கு ஒரு நாள் 'சோதனை நாள்' நடத்துவோம். ஏதாவது ஒரு திறந்த மூல மென்பொருளை எடுத்து, அதன் சோதனைகளை ஓட்டி, தவறுவதைக் குறித்து, அதை உருவாக்குபவர்களுக்கு எழுதி அனுப்புவோம். பாஸ் லினக்ஸில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று நாம் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்? இங்கிலீஷ் தடுமாறினால் பரவாயில்லை. குறை என்ன, எப்படி வந்தது என்று நான்கு வரி எழுதத் தெரிந்தால் போதும்.

மூன்று: கல்லூரிக்கு மென்பொருள் வாங்கும்போது 'இன்ன கம்பெனி' என்று கேட்காமல் 'இன்ன தரம்' என்று கேட்கும்படி பேரவை கோரிக்கை வைக்கட்டும். மிச்சமாகும் பணத்தில் லேபுக்கு நாலு கம்ப்யூட்டர் கூட வரும். இரண்டு பேருக்கு ஒரு சிஸ்டம் என்று தோளோடு தோள் இடித்துக்கொள்ளும் நிலை மாறும்.

நாளைக்கு நம்மில் சிலர் சொந்தமாகத் தொழில் தொடங்குவோம், சிலர் ஆபீசர் ஆவோம், சிலர் டெண்டர் எழுதும் நாற்காலியில் உட்காருவோம். அன்றைக்கு ஒரு சின்னப் பையன் தன் கையால் செய்த பொருளைக் கொண்டுவந்து நம் மேஜையில் வைப்பான். 'நீ எந்தக் கம்பெனி சர்ட்டிஃபிகேட் வைத்திருக்கிறாய்?' என்று கேட்காமல், 'இந்தா கேஜ், போட்டுக் காட்டு' என்று சொல்ல நமக்கு மனம் வர வேண்டும். அந்த மனத்தை இந்தக் கல்லூரியிலேயே வளர்த்துக்கொள்வோம்.

பரீட்சையைக் கண்டு பயப்பட மாட்டோம். வினாத்தாளை மட்டும் திறந்து வையுங்கள், பாஸ் ஆகிக் காட்டுகிறோம்!